விளாங்குடிக்கு வந்த கடல் கல்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு ஒன்றின் படத்தைப் போட்டு, "இந்தக் குளிர்ச்சி இப்ப எந்த வீட்டுல இருக்கு?" என்று எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் இதயமும் கைதட்டலுமாகப் போட்டுத் தள்ளினீர்கள். நானும் ஒரு கைகூப்பை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

குளிர்ச்சி உண்மைதான். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பது உங்களில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். அதில் பாதியாவது எங்கள் அப்பாவின் காளவாசலில் வெந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் கொஞ்ச நாள் பள்ளிக்கு வராமல் இருந்தேனே, அம்மை போட்டிருக்கிறது என்று டீச்சர் உங்களிடம் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அம்மை ஒன்றும் போடவில்லை. என்ன நடந்தது என்று இத்தனை காலம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் வயதுக்கு இனி எதையும் பத்திரப்படுத்தி வைத்து ஆகப்போவது இல்லை.

விளாங்குடி அப்போது ஊராகக்கூட இருக்கவில்லை. திண்டுக்கல் ரோட்டின் இரண்டு பக்கமும் வயல், நடுவில் எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் காளவாசல். காளவாசல் என்றால் கிணற்றைப் பிடுங்கித் தரைக்கு மேலே நட்டு வைத்த மாதிரி ஒரு வட்டச் சுவர். அதற்குள் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல் என்று மாற்றி மாற்றிப் போட்டு எரிப்பார்கள். வெந்த கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு கொதிக்கும். எங்கள் வேப்பமரத்துக்குப் பச்சை நிறம் உண்டு என்பதே மழை பெய்த மறுநாள்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் வெள்ளை.

கல் லாரியில் வரும். அதற்குக் கடல் கல் என்று பெயர். எங்கள் அத்தையை, அப்பாவின் ஒரே தங்கையை, ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரையூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குக் கடலில் கல் எடுக்கிற காண்ட்ராக்ட். அவர் வள்ளங்களில் எடுத்து அனுப்புவார், அப்பா வேகவைப்பார். இரண்டு குடும்பமும் அதில்தான் சாப்பிட்டது.

லாரி வந்து கொட்டியதும் நானும் தம்பியும் ஓடுவோம். வரிவரியாகச் சுருண்டு கிடக்கும் உருண்டைகளை அம்மா ஆட்டுமூளை என்பாள். மான்கொம்பு போலக் கிளைத்தவை, தேன்கூடு போல ஓட்டை விழுந்தவை, விசிறி மாதிரி விரிந்தவை எல்லாம் இருக்கும். வந்த அன்று பழுப்பும் பச்சையுமாக, தொட்டால் மூக்குச்சளி மாதிரி வழுவழுவென்று இருக்கும். பொந்துகளில் சின்ன நண்டுகள் கிடக்கும். சிலது அப்போதும் காலை ஆட்டும். ஒருமுறை தம்பி ஒரு நட்சத்திர மீனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டான்.

ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் கல் வெளுத்துவிடும். அதற்கு முன்னால் ஒரு நாற்றம் கிளம்பும். கருவாட்டு வாடை அல்ல. அது நமக்குப் பழகினது. இது வேறு. அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பாள்.

"கல்லுக்கு எதுக்குங்க இப்படி நாத்தம்?" என்று அப்பாவிடம் கேட்பாள்.

"கடல் கல்லுன்னா கடல் வாடை அடிக்காம மல்லிகைப்பூ வாடையா அடிக்கும்?"

உயிருள்ள ஏதோ அழுகுகிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கல் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் யோசிக்க மாட்டோம் போலிருக்கிறது. பவளப்பாறை என்ற வார்த்தையைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கேட்டபோதும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த வருடம் அப்பா மாடி கட்டிக்கொண்டிருந்தார். மதுரைக்குள்ளும் எங்கே பார்த்தாலும் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மேலூரிலிருந்துகூடச் சுண்ணாம்புக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அப்பாவுக்குக் கல் போதவில்லை. மாமா ஒருநாள் லாரியிலேயே வந்திறங்கினார். சிரித்தால் தெருவுக்கே கேட்கும் மனிதர். அன்று அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

"மச்சான், கரைக்குப் பக்கத்துல இருந்த கல்லு பூராம் தீந்துருச்சு. இனி தீவுப் பக்கம் போனாத்தான் உண்டு. அங்கன இருக்கிறதுதான் அலையத் தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு ஊர்ல சங்கடப்படுறாங்க."

"ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவான் மாப்ள. நீங்க எடுக்காட்டி அவனே எடுத்து வேற எடத்துல விப்பான்."

மாமா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, சும்மா ஆட்டினாரா என்று தெரியாது. சாப்பிட்டுவிட்டு அதே லாரியில் திரும்பிவிட்டார்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். அத்தைக்கு ஒரே பையன். என்னைவிட ஒரு வயது சின்னவன். முறைப்பையன் என்பதால் அம்மா என்னைக் கேலி செய்தே வண்டி ஏற்றினாள். "ஒம் மாப்பிள்ளைய விசாரிச்சேன்னு சொல்லு." அவனைப் பார்த்திருந்தீர்கள் என்றால் சிரித்திருப்பீர்கள். முன்பல் இரண்டும் விழுந்து, வெயிலில் தலைமுடி செம்பட்டையாகி, ஒரு நிமிடம்கூட வாய் ஓயாமல் பேசுகிறவன். தண்ணீரில் போட்டால் மட்டும் பேசமாட்டான்.

ஒருநாள் காற்று விழுந்து கடல் அமைதியாக இருந்தது. மாமாவின் வள்ளத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார்கள். தீவுக்குப் பக்கத்தில் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும் போலத் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. அவன் என்னைப் பக்கவாட்டில் குனியவைத்து, கழுத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

"கண்ணத் தொறந்து பாரு. எரியும். எரிஞ்சாலும் பாரு."

பார்த்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் கொட்டிக் கிடக்கும் அதே உருவங்கள்தான். ஆட்டுமூளை, மான்கொம்பு, விசிறி எல்லாம் இருந்தன. ஆனால் ஊதா நிறத்தில், பாசிப்பச்சையில், பழுக்கிற மாம்பழ நிறத்தில். அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ பூத்து அசைந்தது. அவன் உள்ளே குதித்து ஒரு விரலைக் கிட்டே கொண்டுபோனான். பூத்தது எல்லாம் சட்டென்று உள்ளே போய்விட்டது. கையை எடுத்தான். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"இது முழிச்சிருக்கு, பாத்தியா?"

அதற்குள் ஆட்கள் கடப்பாரையோடு இறங்கிவிட்டார்கள். காது தண்ணீருக்குள் இருந்ததால் அந்தச் சத்தம் எனக்கு வெளியே கேட்கவில்லை. என் மண்டைக்குள்ளேயே யாரோ எதையோ உடைப்பது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாலாகக் கலங்கிப் போய், பார்க்க எதுவும் இல்லை. உடைத்த கல்லை வள்ளத்தில் ஏற்றினார்கள். என் காலருகில் ஒரு மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது.

"எல்லாம் ஒங்க அப்பா அடுப்புக்குத்தான் போகுது" என்றான் அவன். குற்றம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்கிற பெருமை மட்டும்தான் இருந்தது.

சாயங்காலம் அத்தை கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்து எனக்குத் தலை சீவினாள். வீட்டுக்கு முன்னால் ஐந்தாறு பனைமரம் வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தன.

"நான் கல்யாணமாகி வந்தப்ப அலை அந்தா, அங்கனயே ஒடஞ்சிரும். கரைக்கு வர்றது வெறும் நுரைதான். இப்ப ராத்திரி படுத்தா என் தலைமாட்டுல வந்து அடிக்கிற மாதிரி இருக்குடி" என்றாள்.

தீபாவளிக்கு அவர்கள் மூவரும் மதுரைக்கு வந்தார்கள். அத்தை தலைத் தீபாவளிக்குப் பிறகு வந்ததே அதுதான். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மாமா குளிக்கப் போயிருந்த நேரம்.

"அண்ணே, இந்த வருசத்தோட கல்லு வேணாம்னு நீங்க அவுககிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டாக. நீங்க சொன்னா நிறுத்திருவாக."

"ஏன், என்ன வந்துச்சு இப்ப?"

"கடல் கிட்ட வந்துக்கிட்டே இருக்குண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

அப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்ன வயதில் அவள் பல்லியைப் பார்த்துப் பயந்தபோதும் அப்படித்தான் சிரித்திருப்பார்.

"அம்புட்டுப் பெரிய கடலு. அது என்ன நம்ம வீட்டுத் தொட்டியா, நாலு கல்லை எடுத்தா மட்டம் மாறிப் போறதுக்கு? மாடி வேலை பாதியில நிக்குது. தை பொறக்கட்டும், பேசிக்குவோம்."

"அப்ப அதுவரைக்கும் நாங்க இங்கன இருந்துக்கிறோம்ணே."

அம்மாவும் அடுப்படியிலிருந்து, "இருந்துட்டுத்தான் போகட்டுமே" என்றாள்.

"பயலுக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல? பரீட்சைய விட்டுட்டு இங்க ஒக்காந்து என்ன பண்ணுவான்?"

அத்தை இட்லிச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். இன்னொரு இட்லி வைக்கவா என்று கேட்டாள். வெடி மிச்சத்தையெல்லாம் அவன் ஒரு மஞ்சள் பையில் கட்டி எடுத்துக்கொண்டான். ஊரில் எல்லோருக்கும் காட்டவேண்டும் என்றான். பஸ்ஸில் ஏறியும் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே போனான். என்ன பேசினான் என்று எவ்வளவு யோசித்தும் இன்றுவரை பிடிபடவில்லை.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. நீங்களும் பார்த்த மழைதான். வைகையில் தண்ணீர் வந்தது என்று நம்மைக் கூட்டமாகக் கூட்டிப்போய்க் காட்டினார்களே, அந்த மழை. காளவாசல் அணைந்து கிடந்தது. மழை விட்ட பிறகு ஒரு காலையில் லாரி வந்தது. பின்னால் கல் இல்லை. டிரைவர் கீழே இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா வெளியே வந்தார். "ஏம்ப்பா, லோடு எங்க?"

"அண்ணே, கடல் ஏறிருச்சுண்ணே."

"ஏறிருச்சுன்னா?"

"ஊருக்குள்ள வந்திருச்சு. நம்ம வீடெல்லாம் போயிருச்சு. மாப்பிள்ளையும் தங்கச்சியும் ஸ்கூல் கட்டடத்துல இருக்காக." அவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். "பையனைத்தான் காணோம்."

அப்பா கட்டியிருந்த வேட்டியோடு லாரியில் ஏறிப் போனார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். தம்பி என்னிடம் வந்து, காணோம் என்றால் தேடுவார்கள்தானே என்று கேட்டான். தேடுவார்கள் என்றேன்.

நடந்ததைப் பிறகு துண்டுதுண்டாகத்தான் கேட்டோம். தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டதும் அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். வீட்டுச் சுவர் பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. எழுந்தபோது கையில் கை இல்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை. கரையோரமாகக் கொஞ்சம் தள்ளிப் பாறை வெட்டாத ஊர் ஒன்று இருந்தது. அங்கேயும் அதே புயல்தான் அடித்தது. ஓடு பறந்தது, வள்ளம் உடைந்தது. கடல் வீட்டுக்குள் வரவில்லை.

அப்பா அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். அத்தை உள்ளே வந்ததும் அழுவாள் என்று நான் தூணுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். "வெந்நி இருக்கா மதினி, குளிக்கணும்" என்றாள். குளித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். எனக்கும் அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். என்னிடம் ஏதோ கோளாறு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எங்களைப் பள்ளிக்கு அனுப்ப அந்த நாட்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆள் அனுப்பிக் கேட்ட டீச்சரிடம் அம்மை என்று சொல்லிவிட்டாள் அம்மா. துக்கம் என்று சொல்லியிருந்தால் விவரம் கேட்பார்கள் அல்லவா?

மார்கழியில் காளவாசல் மறுபடியும் புகைந்தது. கல் வேறொரு காண்ட்ராக்டரிடமிருந்து வந்தது. தையில் மாடி முடிந்து, வெள்ளை அடித்து, அந்த அறையை அத்தைக்கும் மாமாவுக்கும் கொடுத்தார் அப்பா. நல்ல மனதோடுதான் கொடுத்தார். மாமா சும்மா இருந்தால் மனம் கெட்டுவிடும் என்று கல் இறக்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் லோடு வந்த அன்று மாமா கல் குவியலில் குனிந்து நண்டுகளைப் பொறுக்கினார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, அடுப்படியிலிருந்து உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, அதில் விட்டார். வாளிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் எல்லாம் செத்து மிதந்தது. மறுநாளும் அதையே செய்தார். அதற்கடுத்த நாள் காளவாசல் பக்கம் வரவில்லை. மதுரைக்குள் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரைக்கும் அதுதான்.

அப்பாவோடு அவர் பேசிக்கொள்ளவில்லை. சண்டையும் போடவில்லை. ஒரே வீட்டில், ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். "பிள்ளை போன துக்கத்துல மாப்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். பல வருடம் கழித்து அந்தப் பாறையைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தபோது, "கல்லுக்கெல்லாம் சட்டமா?" என்று பேப்பரை மடக்கி வைத்தார். அதற்குள் காளவாசலும் ஓய்ந்துபோயிருந்தது. அவருக்குப் பாறை எது, உயிர் எது என்று யாரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அந்த வயதில் அவர் என்ன ஆகியிருப்பார் என்று சில சமயம் நினைப்பேன். அதற்குமேல் போக எனக்கும் முடிவதில்லை.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமா இல்லை. அத்தை இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். போன தையில் நாங்கள் மூன்று பேரும் தம்பி காரில் ராமேஸ்வரம் போனோம். திரும்பும் வழியில் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறார்கள் என்று ஒரு போர்டு இருந்தது. அடியில் கண்ணாடி வைத்த படகு. தம்பி வேகத்தைக் கூட்டினான். அத்தை பின்சீட்டிலிருந்து, "நிப்பாட்டு. போய்ப் பாப்போம்" என்றாள்.

படகில் விளக்கம் சொல்ல ஒரு பெண் இருந்தாள். அந்தக் கரைக்காரப் பெண், கல்லூரியில் படிக்கிறாளாம். கழுத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிட்டிருந்தாள். கண்ணாடிக்குக் கீழே பெரும்பாலும் வெளுத்துப்போன பாறைகள்தான். நடுநடுவே கொஞ்சம் பழுப்பு, ஓரிடத்தில் பச்சை.

"இது கல்லு இல்லீங்க. லட்சக்கணக்கான சின்னச் சின்ன உயிருங்க சேந்து கட்டுன வீடு. கடல் சூடாகிறதுனால வெளுத்துப் போகுது. அறுந்து போன வலை வந்து சுத்திக்கிட்டா மூச்சு முட்டிச் செத்துரும். நங்கூரத்தத் தூக்கிப் போட்டா ஒடஞ்சிரும். நாங்க சிமெண்ட்டுச் சட்டம் வச்சு, ஒடஞ்ச துண்டுகளக் கட்டி வளத்துக்கிட்டு இருக்கோம். ஆனா ரொம்ப மெதுவாத்தான் வளரும்." அவள் ஒரு பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பக்கம் முன்னாடி ஒரு ஊர் இருந்துச்சு. சுண்ணாம்புக்காகப் பாறைய வெட்டி எடுத்துட்டாங்க. அப்புறம் ஒரு புயல்ல கடல் உள்ள வந்திருச்சு. யாருக்காச்சும் ஏதாச்சும் கேக்கணுமா?"

ஒரு குழந்தை சுறா இருக்கிறதா என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை வகுப்பில் கேட்பது போலக் கையைத் தூக்கினாள்.

"கடல் வந்தப்ப ஆளு யாரும் போகலையா?"

"தெரியல பாட்டி. எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல அது இல்ல."

"ஒரு பையன் போனான்."

அந்தப் பெண் ஸ்பீக்கரை அணைத்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள். "பேரு என்ன பாட்டி?"

அத்தை சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயரை. அந்தக் கார்த்திகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. 'அவன்' என்றுகூடச் சொன்னதில்லை. தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

கரைக்கு வந்தோம். தம்பி காருக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். நானும் அத்தையும் படகுத்துறைக்கு எதிரே ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவித்த பனங்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். அத்தை நாரை இழுத்து இழுத்து உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த படகுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரே சத்தம். அந்தப் பெண் அவர்களுக்கு முன்னால் நின்று விளக்கத்தை ஆரம்பித்தாள். உயிர்கள் என்றாள், வீடு என்றாள், தொடக்கூடாது என்றாள். ஊர் இருந்த இடத்தைக் காட்டினாள்.

"அந்தத் தண்ணியில ஒரு பையன் போயிட்டான். ஒங்க வயசுதான். அவன் பேரு" என்று சொல்லி, ஸ்பீக்கரில், அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, அவன் முழுப் பெயரையும் சொன்னாள்.

அத்தையின் கை நின்றது. பிள்ளைகள் படகில் ஏறும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாச் சொல்லுது அந்தப் பிள்ள" என்றாள்.

படகு கிளம்பிப் போனது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.